தலைக்காயத்தில் இரத்தக் குறிப்பான்கள்: அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்தில் ஏறித் தவறி விழுந்தவர், முள்ளோடை அருகே இரு சக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டவர், வீட்டுக் குளியலறையில் வழுக்கித் தலை மோதிய முதியவர் என்று கடலூர், புதுச்சேரி வட்டாரத்து அவசரப் பிரிவுகளுக்குத் தலைக்காயத்தோடு வருவோர் பலவகைப்படுவர். வருபவர் யாராக இருந்தாலும், உடன் வந்தவர்கள் கேட்பது இரண்டு கேள்விகளைத்தான்: அடி எவ்வளவு பலம், ஆள் பழையபடி எழுந்து நடமாடுவாரா? முதல் கேள்விக்கு விடை தேட நம்மிடம் கிளாஸ்கோ மயக்க அளவுகோலும் சிடி ஸ்கேனும் நெடுங்காலமாக இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு மூத்த மருத்துவரின் அனுபவத்தையே பெரும்பாலும் நம்பியிருந்தோம். மூளைத் திசு சிதையும்போது இரத்தத்தில் கசியும் சில புரதங்களை, அதாவது இரத்தக் குறிப்பான்களை, அளந்து, இவ்விரு கேள்விகளுக்கும் எண்ணளவில் ஒரு விடையைத் தர முடியும் என்பதைக் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தக் கட்டுரை பயிற்சி மருத்துவர்களுக்கும், அவசரப் பிரிவிலும் ஆய்வகத்திலும் புதிதாகப் பணியேற்கும் செவிலியர், நுட்பநர்களுக்கும் எழுதப்படுகிறது. நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: அடிபட்ட நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதாத குறிப்பான் அளவு, தேதி போடாத காசோலையைப் போன்றது. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைகின்றன.

முதற்படி: ஊசியை எடுப்பதற்கு முன்

இரத்தக் குறிப்பானுக்கு அவசரம் உண்டு. ஆனால் மூச்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதைவிட அவசரம் உண்டு. மூளைக்காயத்தில் முதல் அடியைவிட, அதன்பின் வரும் ஆக்சிஜன் குறைவும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் செய்யும் இரண்டாம் கட்டச் சேதம் பல நேரங்களில் பெரிதாகிவிடுகிறது. எனவே சுவாசப் பாதை, கழுத்தெலும்புப் பாதுகாப்பு, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே மற்றவை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுதான். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்து, விழுந்ததால் தலையில் அடிபட்டவர்களும் நம்மிடம் வருகிறார்கள்.

அடுத்து, சுருக்கமாக ஜிசிஎஸ் எனப்படும் மயக்க அளவுகோல். 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் ஆகிய இருவரும் கிளாஸ்கோ நகரில் வகுத்த இந்த அளவுகோலில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம் என்று வகைப்படுத்துவது மரபு. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்று பகுதிகளையும் தனித்தனியே எழுதுங்கள். பின்னாளில் விளைவைக் கணிக்கும்போது அசைவுக்கான மதிப்பெண்ணுக்குத் தனி எடை உண்டு. ‘ஜிசிஎஸ் 9’ என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டிலிருந்து அதை எவராலும் பிரித்தெடுக்க முடியாது. கண்மணிகள் இரண்டும் வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றனவா என்பதையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாயில் மது வாடை வீசும் ஒருவர் உளறினால், ‘போதையில் இருக்கிறார், காலையில் தெளிந்துவிடும்’ என்று ஓரத்துப் படுக்கைக்குத் தள்ளிவிடும் வழக்கம் எந்த ஊரிலும் உண்டு. வார இறுதி இரவுகளில் நம் வட்டாரத்தில் அது இன்னும் எளிதாக நடந்துவிடுகிறது. போதை மயக்கத்தையும் மண்டைக்குள் இரத்தம் கசிவதால் வரும் மயக்கத்தையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. வெளியில் சிராய்ப்புகூட இல்லாத ஊமைக்காயம் உள்ளே பெருகிக்கொண்டிருக்கலாம். குறிப்பான் சோதனைகள் நமக்குப் பெரிதும் பயன்படக்கூடிய இடங்களில் இது ஒன்று. ஆனால் சோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்படிப்பட்டவரை மணிக்கொரு முறை எழுப்பி மதிப்பெண் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: அடிபட்ட நேரத்தைக் கண்டுபிடித்தல்

விபத்துப் பதிவேட்டில் நேரத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் நோயாளி நம்மிடம் வந்து சேர்ந்த நேரமே எழுதப்படுகிறது. குறிப்பானுக்கு வேண்டியது அதுவன்று. உடன் வந்தவரிடம் கேட்டால் நேரான விடை கிடைப்பதும் அரிது.

“எத்தனை மணிக்கும்மா விழுந்தாரு?”

“மணி பாக்கலைங்க சார். வெளக்கு வைக்கிற நேரம் இருக்கும்.”

“அப்புறம் நேரா இங்கதான் வந்தீங்களா?”

“இல்லீங்க, ஊர்லயே ஒரு கிளினிக்ல தையல் போட்டோம். ராத்திரி ரெண்டு தடவ வாந்தி எடுத்தாரு, அதுக்கப்புறம்தான் வண்டி புடிச்சோம்.”

விளக்கு வைக்கும் நேரம் என்றால் மாலை ஆறு, ஆறரை. ஆனால் மணி என்று எழுத அது போதாது. அம்மாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். விழுந்த உடனே மகனுக்கோ 108-க்கோ போன் செய்திருப்பார்கள். அந்த அழைப்பின் பக்கத்தில் நிமிடக் கணக்கோடு நேரம் இருக்கும். ஊர் கிளினிக்கில் ஊசி போட்ட சீட்டு இருந்தால் அதையும் பாருங்கள். யாரும் பார்க்காமல் விழுந்து கிடந்தவர் என்றால், நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரம், விழுந்து கிடக்கக் கண்டெடுத்த நேரம் ஆகிய இரண்டையும் எழுதிவிட்டு, அடிபட்ட நேரம் தெரியாது என்று வெளிப்படையாகக் குறியுங்கள். தெரியாததை உத்தேசமாக நிரப்புவது, வெற்றாக விடுவதைவிட மோசம்.

நம் வட்டாரத்தில் இதற்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கிராமத்துக் கிளினிக், அங்கிருந்து தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து கடலூர், அங்கிருந்து புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை அல்லது சென்னை என்று நோயாளி கைமாறி வருவது வழக்கம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலைத் தொலைவு சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சீட்டு எழுதி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, ஆள் திரட்டிப் புறப்படுவதற்குள் மணிகள் கரைகின்றன. சில குறிப்பான்களின் ஆயுளே அவ்வளவுதான்.

மூன்றாம் படி: எது எங்கிருந்து வருகிறது என்று அறிதல்

ஜி.எஃப்.ஏ.பி. என்பது மூளையின் தாங்கு செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளின் உட்கூட்டைக் கட்டும் புரதம். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தத்தில் தென்படத் தொடங்கி, ஏறத்தாழ 20 மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, பல நாட்களுக்கு மெல்ல இறங்குகிறது. மூளைக்கு வெளியே இது மிகக் குறைவு என்பதால், கால் முறிவோ விலா முறிவோ சேர்ந்திருந்தாலும் இதன் அளவு பெரிதாகக் குழம்புவதில்லை. தாமதமாக வருவோர் மிகுந்த நம் பகுதிக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். முதியவர்களிடம் இயல்பிலேயே இது சற்று உயர்ந்திருக்கும் என்பதையும், மூளைக்குள் தானாக இரத்தம் கசியும் பக்கவாதத்திலும் இது ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முன்னதாகப் பக்கவாதம் வந்து அதனால் கீழே விழுந்தவரை அளவு மட்டும் காட்டிக்கொடுக்காது.

யூ.சி.எச்.எல்.1 நரம்புச் செல்லின் உடற்பகுதியில் நிறைந்திருக்கும் நொதி. விரைந்து ஏறி, சுமார் 8 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, ஜி.எஃப்.ஏ.பி.-யைவிட வேகமாக இறங்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் அளக்கப்படுகின்றன. ஒன்று தாங்கு செல்லின் சேதத்தையும் மற்றொன்று நரம்புச் செல்லின் சேதத்தையும் சொல்கிறது.

எஸ்100பி மூவரில் மூத்தது, ஐரோப்பாவில் நெடுநாள் புழங்கியது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இலேசான தலைக்காயத்தோடு குறைந்த அபாயம் உள்ள பெரியவர்களுக்கு, அடிபட்டு 6 மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் இதன் அளவு லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சிடி இல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது. ஆனால் இந்தப் புரதம் கொழுப்பிலும் குருத்தெலும்பிலும் தோலின் நிறமிச் செல்களிலும் உண்டு. தொடை எலும்பு முறிந்தவருக்கு மூளையில் ஒன்றும் இல்லாமலேயே இது உயரும். இரத்தத்திலிருந்து மிக விரைவாகவும் மறைந்துவிடுகிறது. ஐந்தாவது மணியில் வந்தவருக்கு இது பயன்படும். விடியற்காலையில் மூன்றாவது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவருக்கு எடுத்த தாழ்ந்த அளவு எதையும் உறுதிப்படுத்தாது.

நரம்புச் செல்களின் மற்றொரு நொதியான என்.எஸ்.இ. பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இது சிவப்பணுக்களிலும் இருப்பதால், இரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொய்யாக உயர்கிறது. தலைக்காயத்தில் இதன் பயன் குறைவு. இதயம் நின்று மீட்கப்பட்டு மயக்கம் தெளியாத நோயாளிகளில்தான் இதற்குத் தனி இடம் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல், 48 அல்லது 72 மணி நேரத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதைப் பாதகமான விளைவின் அடையாளங்களுள் ஒன்றாக வைக்கிறது. அங்கும் அது பலவற்றுள் ஒன்றுதான். தனித்து முடிவெடுக்க உதவாது.

என்.எஃப்.எல். எனப்படும் நரம்பிழைப் புரதம் இவற்றுக்கு நேர் எதிரான குணம் கொண்டது. நரம்பின் நீண்ட இழைகள் அறுந்தபின் இது மெதுவாக, நாட்கள் வாரங்கள் கணக்கில் ஏறி, மாதக்கணக்கில் தங்குகிறது. முதல் நாளிரவு முடிவெடுக்க இது உதவாது. இழைகள் பரவலாக அறுபட்டிருக்கின்றனவா, பின்னாளில் மூளை சுருங்குமா என்பதை ஆராய்வோர் இதைத் தொடர்கிறார்கள்.

நான்காம் படி: இரத்தம் எடுத்தலும் அனுப்புதலும்

ஜி.எஃப்.ஏ.பி., யூ.சி.எச்.எல்.1 ஆகியவற்றுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்ந்த ஊதா மூடிக் குழாயே பொதுவாக வேண்டப்படுகிறது. சோதனைக் கருவிக்குக் கருவி இது மாறும் என்பதால் அந்தக் கருவியின் கையேட்டைப் படித்துவிட்டுக் குழாயை எடுங்கள். ரத்த அணு எண்ணிக்கைக்கு எடுக்கும் அதே நிறக் குழாய்தானே என்று ஒன்றையே இரண்டுக்கும் அனுப்பினால், அளவு போதாமல் இரண்டும் திரும்பி வரும்.

கையில் கட்டும் இறுக்குப் பட்டையான டூர்னிக்கேயை நெடுநேரம் இறுக்கி வைக்காதீர்கள். மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். ஊசி கழற்றாமல் குழாயின் ரப்பர் வழியே அழுத்திப் பாய்ச்சினாலும் உடையும். நிரம்பிய குழாயைக் குலுக்கக் கூடாது. தலைகீழாக மெதுவாக எட்டுப் பத்து முறை திருப்பினால் ஈடிடிஏ கலந்துவிடும். அணுக்களை நீக்கிப் பிரித்த பிளாஸ்மா வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு சாயல் தெரிந்தால் அணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அந்த மாதிரியில் என்.எஸ்.இ. பார்ப்பது வீண், மற்றவற்றுக்கும் ஆய்வகத்தின் ஒப்புதல் வேண்டும். நோயாளியை மறுபடி குத்த வேண்டுமே என்று தயங்கி அந்தக் குழாயை அப்படியே அனுப்பி வைக்கும் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். தவறான எண் ஒன்று நோயாளியின் தாளில் ஏறிவிட்டால் அதை இறக்குவது ஊசியைவிடப் பெரிய வேதனை.

அக்னி நட்சத்திர நாட்களில் மாதிரியை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால், பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தே அனுப்ப வேண்டும். இரு சக்கர வாகனத்தின் முன்பையில் மதிய வெயிலில் போகும் குழாயை எந்த ஆய்வகமும் நம்பக் கூடாது.

சோதனைக் கோரிக்கைச் சீட்டில் பெயர், வயது, வார்டு ஆகியவற்றோடு மூன்று வரிகளைக் கட்டாயம் சேருங்கள்: அடிபட்ட நேரம், இரத்தம் எடுத்த நேரம், மூளைக்கு வெளியே வேறு காயம் உண்டா என்பது. அச்சிட்ட சீட்டில் இவற்றுக்கு இடம் இருக்காது, பின்பக்கத்தில் எழுதலாம். அளவு எந்த அலகில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரே பொருளை ஓர் ஆய்வகம் மில்லிலிட்டருக்குப் பிகோகிராமிலும் மற்றொன்று லிட்டருக்கு மைக்ரோகிராமிலும் தரும். மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமும் லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமும் ஒன்றே.

ஐந்தாம் படி: இலேசான காயத்தில் அளவைப் படித்தல்

மயக்க மதிப்பெண் 13 முதல் 15 வரை உள்ளவர்களுக்குக் குறிப்பான் விடை சொல்லும் கேள்வி மிகக் குறுகியது: சிடியில் தெரியக்கூடிய காயம் உள்ளே இருக்க வாய்ப்பு உண்டா? ஜி.எஃப்.ஏ.பி., யூ.சி.எச்.எல்.1 இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 பிப்ரவரியில் முதன்முதலாக அனுமதி அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 1,959 பேர் இருந்தனர். அவர்களுள் 125 பேருக்குச் சிடியில் காயம் தெரிந்தது. சோதனையில் எதிர்மறை வந்த 671 பேரில் மூவருக்கு மட்டுமே சிடியில் காயம் இருந்தது. கையடக்கக் கருவியில் கால் மணி நேரத்தில் முடிவு தரும் வடிவம் 2021-இல் அனுமதி பெற்றது. பிளாஸ்மாவைப் பிரிக்காமல் முழு இரத்தத்திலேயே, அடிபட்ட 24 மணி நேரம் வரை பார்க்கும் வடிவம் 2024-இல் வந்தது. இவை அனைத்தும் 18 வயது நிறைந்தவர்களுக்கே அனுமதிக்கப்பட்டவை. மரத்திலிருந்து விழுந்த பத்து வயதுச் சிறுவனுக்கு இந்தச் சோதனையின் வெட்டெண்ணை, அதாவது எதிர்மறையையும் பாசிட்டிவையும் பிரிக்கும் எல்லை அளவை, பொருத்திப் பார்க்காதீர்கள்.

இந்த எண்களை எதிர்த்திசையிலும் படித்துப் பார்க்க வேண்டும். சிடி இயல்பாக இருந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே சோதனை எதிர்மறையாக வந்தது. மீதிப் பேருக்கு அளவு வெட்டெண்ணைத் தாண்டியிருந்தது. எனவே ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் மூளையில் இரத்தக்கசிவு இருக்கிறது என்று உறவினரிடம் சொல்லிவிடக் கூடாது. சிடி எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். எதிர்மறையாக வந்தால்தான் இந்தச் சோதனை உரத்துப் பேசுகிறது.

அந்த எதிர்மறையையும் தனித்து நம்பாதீர்கள். கனடா நாட்டு மருத்துவர்கள் 2001-இல் வகுத்த சிடி விதி கேட்கும் கேள்விகளைச் சோதனைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: வயது 65 அல்லது அதற்கு மேலா, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தாரா, காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கருநீலத் தடம் உண்டா, காதிலோ மூக்கிலோ நீர் வடிகிறதா, இரண்டு மணி நேரம் கழித்தும் மதிப்பெண் 15-ஐ எட்டவில்லையா, மூன்று அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தாரா. மேலே பார்த்த அம்மாவின் கணவருக்கு இரண்டு வாந்தியே போதும். அவர் குறிப்பானுக்காகக் காத்திருக்காமல் நேராகச் சிடிக்குப் போக வேண்டியவர். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவரும் அப்படியே.

சிடி இயல்பாக இருந்தும் ஜி.எஃப்.ஏ.பி. மிக உயர்ந்திருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் நடந்த டிராக்-டிபிஐ என்னும் மூளைக்காய ஆய்வில் சிடி இயல்பாக இருந்த 450 பேரை எம்ஆர்ஐயில் பார்த்தபோது 120 பேருக்குக் காயம் தெரிந்தது, ஜி.எஃப்.ஏ.பி. உயர்ந்தவர்களிடையே அந்த வாய்ப்பு மிகுந்திருந்தது. சிடி நார்மல் என்ற ஒரு வரியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு மாதக்கணக்கில் தலைவலி, மறதி, எரிச்சல் என்று அல்லாடுபவர்களை வீட்டார் ‘நடிக்கிறான்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்களுள் சிலருக்கேனும் கண்ணுக்குத் தெரியாத காயம் உண்மையிலேயே இருந்திருக்கிறது. இப்படிப்பட்டவரைக் கட்டாயம் மறுபடி வரச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: நடுத்தர, கடுமையான காயங்களில் விளைவைக் கணித்தல்

மதிப்பெண் 12-உம் அதற்குக் கீழும் உள்ளவருக்குச் சிடி எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. இங்கே குறிப்பானிடம் நாம் கேட்பது வேறு: ஆறு மாதம் கழித்து இவர் எந்த நிலையில் இருப்பார்?

அதே டிராக்-டிபிஐ குழுவினர் 1,696 பேரிடம் அடிபட்ட நாளன்றே எடுத்த இரத்தத்தைப் பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவுகளை நான் ஒவ்வொரு பயிற்சி மருத்துவரிடமும் சொல்வதுண்டு. பிரித்தறியும் திறனை 0.5 முதல் 1 வரை அளக்கும் புள்ளியியல் அளவில், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு 0.5, தப்பே இல்லாத கணிப்புக்கு 1. ஆறு மாதத்தில் இறப்பைக் கணிப்பதில் ஜி.எஃப்.ஏ.பி. 0.87, யூ.சி.எச்.எல்.1 0.89 பெற்றன. பிறர் துணையின்றி வாழ முடியாத நிலை அல்லது இறப்பு என்ற பாதகமான விளைவைக் கணிப்பதில் இரண்டும் 0.86 பெற்றன. ஆனால் முழுமையாகக் குணமடையாமல் ஏதேனும் ஒரு குறை தங்குமா என்ற கேள்விக்கு இரண்டுமே 0.62-ஐச் சுற்றித்தான் நின்றன. அதாவது, பெரும் கேடு வருமா என்பதை இவை நன்றாகவே சொல்கின்றன. பிழைத்து எழுந்தவர் மறுபடி படகேறுவாரா, கணக்கு எழுதுவாரா, முன்போல் தூங்குவாரா என்பதைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுகின்றன. மயக்க மதிப்பெண் 3 முதல் 12 வரை உள்ளவர்களிடம் இந்தக் கணிப்பு கூர்மையாகவும், 13 முதல் 15 வரை உள்ளவர்களிடம் மங்கியும் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரே ஓர் அளவைவிட, அளவு போகும் திசை கூடுதலாகப் பேசும். யூ.சி.எச்.எல்.1 இரண்டாம் நாளும் இறங்காமல் நின்றாலோ, இறங்கிய குறிப்பான் மறுபடி ஏறினாலோ, மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறதா, கசிவு பெருகுகிறதா என்று பாருங்கள். 2025-இல் உலகளாவிய வல்லுநர் குழு ஒன்று முன்வைத்த புதிய வகைப்பாடு, தலைக்காயத்தை இலேசு, நடுத்தரம், கடுமை என்று ஒற்றை மதிப்பெண்ணால் பிரிப்பதை விட்டு, மருத்துவ அறிகுறி, இரத்தக் குறிப்பான், ஸ்கேன் படம், நோயாளியின் பிற சூழல்கள் என நான்கையும் சேர்த்தே எழுதச் சொல்கிறது. நாம் எழுதும் சீட்டுகளும் சில ஆண்டுகளில் இப்படி மாறும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஏழாம் படி: சோதனை வசதி இல்லாத இடத்தில்

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, ‘எங்கள் மருத்துவமனையில் இதில் ஒன்றுகூட இல்லையே’ என்று நினைக்கும் வாசகரே மிகுதியாக இருப்பார். அவருக்கு என் விடை: உங்களிடம் இருக்கும் சாதாரண இரத்தச் சோதனைகளே விளைவைக் கணிப்பதில் இடம்பெற்றவைதான். இம்பாக்ட் என்னும் கணிப்புக் கருவி வயது, அசைவு மதிப்பெண், கண்மணி ஆகிய மூன்றில் தொடங்கி, ஆக்சிஜன் குறைவு, அழுத்தக் குறைவு, சிடி ஆகியவற்றைச் சேர்த்து, கடைசியாக இரத்தச் சர்க்கரையையும் ஹீமோகுளோபினையும் கேட்கிறது. சர்க்கரை உயர்ந்திருப்பதும் ஹீமோகுளோபின் தாழ்ந்திருப்பதும் மோசமான விளைவோடு சேர்ந்து போகின்றன. இரண்டும் தாலுகா மருத்துவமனையிலேயே கிடைக்கும் சோதனைகள்.

கிராஷ் என்னும் மற்றொரு கருவி 10,008 நோயாளிகளின் தரவிலிருந்து 2008-இல் உருவாக்கப்பட்டது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளுக்கு இது தனிச் சமன்பாடு வைத்திருக்கிறது; எனவே நம் நோயாளிகளுக்கு இதுவே நெருங்கியது என்பது என் கருத்து. நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பதினான்கு நாட்களில் இறக்கும் வாய்ப்பையும் ஆறு மாதத்தில் பாதகமான விளைவு நேரும் வாய்ப்பையும் இது விழுக்காட்டில் தரும்.

இவற்றோடு பிளேட்லெட் எண்ணிக்கை, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர், சோடியம் ஆகியவற்றையும் பாருங்கள். மூளைக்காயமே இரத்தம் உறையும் முறையைக் குலைக்கக்கூடும். ஐஎன்ஆர் உயர்ந்தவருக்கு முதல் சிடியில் சிறிதாக இருந்த கசிவு அடுத்த சிடியில் பெரிதாகியிருக்கலாம். சோடியம் முதல் நாள் சரியாக இருந்து நான்காம் நாள் இறங்கலாம். தெளிந்துகொண்டிருந்தவர் மறுபடி மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

எட்டாம் படி: உறவினரிடம் பேசுதல்

எண்ணைச் சொல்லாதீர்கள். “ஜி.எஃப்.ஏ.பி. ஏறியிருக்கு” என்ற வாக்கியம் வார்டு வாசலில் நிற்கும் தங்கைக்கோ மாமனாருக்கோ எதையும் சொல்லாது, அச்சத்தை மட்டும் ஏற்றும். “அம்மா, அடி பலமாத்தான் பட்டிருக்கு. ரத்தத்துலயும் அது தெரியுது. அடுத்த மூணு நாள் முக்கியம், நாங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறோம்” என்பது அவர்களுக்குப் புரியும், உண்மைக்கும் மாறானதன்று.

குறிப்பான் அளவு மிக உயர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து, ‘இனிப் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்ற பேச்சு முதல் நாளிலேயே எழக் கூடாது. அப்படிச் சொன்னால் குடும்பம் அழைத்துப் போய்விடும், நோயாளி இறப்பார், நம் கணிப்பு சரியாயிற்று என்று நாமும் நம்பிவிடுவோம். கணிப்பே விளைவை உண்டாக்கியதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆய்வுகளின் 0.87, 0.89 எல்லாம் கூட்டத்தைப் பற்றிய எண்கள். படுக்கையில் இருப்பவர் ஒருவர்.

பணம் பற்றிய பேச்சும் இங்கேதான் வரும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு என்று உறவினருக்கு நினைவூட்டுங்கள். செலவுக்குப் பயந்து நோயாளியைப் பாதியில் அழைத்துப் போவது பல நேரங்களில் இந்தச் செய்தி தெரியாததால் நடக்கிறது.

ஒன்பதாம் படி: அனுப்பிய பிறகு

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் குறிப்பான் அளவு, அலகு, இரத்தம் எடுத்த நேரம், அப்போதைய மயக்க மதிப்பெண்ணின் மூன்று பகுதிகள் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த இடத்தில் மறுபடி எடுக்கும் அளவோடு ஒப்பிட அது ஒன்றே வழி.

வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு, இரவில் எழுப்பிப் பார்க்க ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே அனுப்புங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே திரும்ப வர வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஆறாம் மாதத்தில் நோயாளி நேரில் வருவது குறைவு. நெய்வேலிக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார், அல்லது வண்டிக்கூலி இருக்காது. எனவே சேர்க்கையின்போதே வீட்டில் இருக்கும் இருவரின் கைப்பேசி எண்களை வாங்கி வையுங்கள். விரிவாக்கப்பட்ட கிளாஸ்கோ விளைவு அளவுகோலின் எட்டு நிலைகளையும் தொலைபேசியில் கேட்டே குறித்துவிடலாம்: தனியாக வீட்டில் இருக்க முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா, பழைய வேலைக்குத் திரும்பினாரா, வீட்டாரோடு முன்பிருந்த இணக்கம் இருக்கிறதா. நோயாளி எல்லாம் சரியாகிவிட்டது என்பார். அதே கேள்விகளை மனைவியிடமோ தாயிடமோ தனியாக ஒருமுறை கேட்டு, இரண்டு விடைகளையும் முதல் நாள் எடுத்த குறிப்பான் அளவுக்குப் பக்கத்தில் அதே பதிவேட்டில் எழுதி வையுங்கள்.